ஏழு நாள் முகாமும் ஏரி வாரியமும்

என்.எஸ்.எஸ். என்றாலே ஏழு நாள் முகாம், சான்றிதழ், அவ்வளவுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு நண்பர்களே!

மாணவர்கள் படிப்போடு சமூகத் தொண்டும் செய்ய வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்தது. காந்தி நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும் ஒரு சிறப்பு முகாமும் என்பது விதி.

ஆனால் ஊர்ப்பணிக்கு விதி வகுப்பதில் நம் உத்திரமேரூர் ஆயிரம் ஆண்டு மூத்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் அமைத்ததைச் சொல்கின்றன. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது!

இங்கேதான் நமக்குப் பாடம். முகாமில் தூர் வாரிய கால்வாய் அடுத்த மழைக்குத் தாங்கியதா, நட்ட கன்று பிழைத்ததா என்று யார் பார்க்கிறார்கள்? எட்டாம் நாள் பஸ் ஏறிவிடுகிறோம். ஓராண்டு கழித்து அதே ஊருக்குப் போய், மக்கள் முன்னால் கணக்குச் சொல்லும் வழக்கம் வந்தால், அந்த 240 மணி நேரத்துக்கும் அர்த்தம் கிடைக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?