இரட்டை வகுப்புயர்வும் நம் பிள்ளைகளின் வயதும்

கூர்த்த அறிவுடைய மாணவன் ஒருவனை, இடையிலுள்ள வகுப்பைத் தாண்டி அதற்கும் மேல் வகுப்பில் அமர்த்தும் வழக்கம் நம் நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்து வந்தது. மக்கள் அதனை ‘டபுள் பிரமோஷன்’ என்றே வழங்கினர். ‘அந்த வீட்டுப் பையன் டபுள் பிரமோஷன் வாங்கியவன்’ என்று ஊரார் பெருமையோடு பேசுவதைக் கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். அந்த வீடு பெரும்பாலும் நம் தெருவில் இருந்ததில்லை. அது ஏன் என்பதை வரலாற்றின் வழி நின்று ஆராயப் புகுந்தோம்.

மேலை நாட்டார் இப்பொருளைத் தனித் துறையாகவே வளர்த்துள்ளனர். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்பார் 1921இல் மீத்திறன் மிக்க சிறாரை நீண்டகாலம் தொடர்ந்து ஆராயத் தொடங்கினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஜூலியன் ஸ்டான்லி, கணிதத்தில் முதிர்ந்த சிறுவர்க்கென 1971இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 2004இல் அந்நாட்டில் வெளிவந்த அறிக்கையொன்று, விரைவுயர்வின் வகைகளைப் பதினெட்டாக எண்ணிக் காட்டியது. முன்கூட்டிப் பள்ளியிற் சேர்த்தல், வகுப்புத் தாண்டல், ஒரு பாடத்தில் மட்டும் மேல் வகுப்பில் அமர்தல், ஈராண்டுப் பாடத்தை ஓராண்டில் முடித்தல் என அவை விரியும். தக்க பிள்ளையை இவ்வாறு உயர்த்துவதால் அதன் கல்விக்கோ மனநலத்திற்கோ கேடு விளைவதில்லை என்பது அவ்வறிக்கையின் முடிபு. ஆயினும் இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும், பிள்ளை உரிய வயதில் பள்ளிக்கு வந்துவிட்டது என்றும், ஏறுவதற்கு ஏணி முழுமையாய் நிற்கிறது என்றும் கொண்டே தொடங்குகின்றன. நம் வரலாற்றில் அவ்விரண்டுமே அரியவாய் இருந்தன.

முதலில் ஏணியைப் பற்றிக் கூறுவோம். சென்னை மாகாண அரசு நம் மக்களின் கல்விக்கெனச் சிறப்பாணை பிறப்பித்தது 1893ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டிலேயே கர்னல் ஆல்காட் அடையாற்றுக்கு அருகில் இலவசப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளிகளும் பல இடங்களில் இருந்தன. இவற்றின் நன்றியை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் ஆல்காட் பள்ளிகள் தொடக்கக் கல்வியளவில் நின்றன. சேரிகளில் எழுந்த பிற பள்ளிகளிற் பலவும் அவ்வாறே. நான்கு படி கொண்ட ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவும் சிறுவன் விரைவில் உச்சிக்கு வந்து விடுவான். வந்தபின் அவன் செல்லுமிடம் பழைய மாட்டுக்கொட்டில்தான். அப்பால் உள்ள உயர்தரப் பள்ளியோ பிறர் தெருவில் இருந்தது. இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் தாம் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவரில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி விளையாட்டிற்கூடக் கலவாது ஒதுங்கியிருந்ததாகவும் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்துள்ளார். வகுப்பில் தலைநிமிர்ந்து விடை சொல்லவே அஞ்சும் பிள்ளையின் கூர்மையை எந்த ஆசிரியர் கண்டு மேல் வகுப்பிற்குத் தூக்குவார்? 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்ததன் அருமை இங்கேதான் விளங்கும். அங்கே ஏணிக்கு மேற்படிகள் பொருத்தப்பட்டன.

இனி வயது. பிறப்புப் பதிவு இல்லாத காலத்தில் பள்ளியிற் சேர்க்கும் முறையை மூத்தோர் அறிவர். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வர். தொட்டால் ஐந்து வயது. ஆனால் எட்டு வயதானவனும் தொடுவான், பத்து வயதானவனும் தொடுவான்! ஆடு மேய்த்தும், தம்பி தங்கையரைச் சுமந்தும், நடவுக் காலத்தில் தாயோடு வயலில் நின்றும் மூன்று நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்த சிறுவனுக்கும் ஏட்டில் ஐந்தே எழுதப்பட்டது. பிறந்த நாளும் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் ஒன்று. வெள்ளி விழாவை முன்னிட்டுப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, நம் தெருவார் பலர் ஒரே நாளில் பிறந்தவராய்க் காட்சியளித்தது கண்டு முதலில் நகைத்தோம். பின்னர் நகைக்க இயலவில்லை. இழந்த ஆண்டுகளை ஏடு மறைத்துவிட்டது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ஐந்து வயதினரோடு அமர்ந்து ‘அ, ஆ’ எழுதிய கூச்சத்தை அது மறைக்கவில்லை. மீசை அரும்பும் பருவத்தில் ஐந்தாம் வகுப்பில் இருந்தவன் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போனான். அவன் மந்தன் என்று பெயர் பெற்றான். அவனுக்கு உரிய காலத்தில் ஒரு வகுப்புத் தாண்டக் கொடுத்திருந்தால் அது பரிசாகாது, பறிபோன ஆண்டை மீட்டுத் தந்ததாகும்.

அண்ணல் அம்பேத்கரின் கல்வியை இவ்வகையில் நோக்குதல் தகும். 1891இல் பிறந்தவர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாயில் அதற்குப் பாராட்டுக் கூட்டமே நடந்தது. பரோடா மன்னர் அளித்த மூன்றாண்டு உதவித்தொகையோடு 1913இல் நியூயார்க் சென்றவர், கடிகாரத்தோடு போட்டியிடுவார்போல் பாடங்களைக் குவித்துப் பயின்று 1915இல் எம்.ஏ. ஆனார். 1916இல் லண்டன் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடியவே 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. சிடனாம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஆற்றிச் சேர்த்த பொருளும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. அத்தகைய பேரறிவையும் மூன்றாண்டு நிறுத்தி வைத்தது பணமுடையே. மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட கல்விக்கென 1944இல் மைய அரசு பட்டியல் வகுப்பினர்க்கு உதவித்தொகை தொடங்கியதில் அவர்தம் முயற்சி இருந்தது இயல்பே.

விரைவுயர்வுக்கு மாறான ஒன்றையும் இம்மாகாணம் கண்டது. 1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழில் பழகலாம் என்றது. குடும்பத் தொழில் எதுவென்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. காமராசர் பொறுப்பேற்றபின் 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் பிரிவை நம்மவர் பலர் படித்ததில்லை. பள்ளியில் சேராதிருந்த பிள்ளையையும், இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்குரிய வகுப்பிற் சேர்க்கவேண்டும். பிறரோடு இணையாவதற்குச் சிறப்புப் பயிற்சியும் தரவேண்டும் என்கிறது அது. வகுப்புத் தாண்டல் இங்கே உரிமையாகவே எழுதப்பட்டுவிட்டது. சிறப்புப் பயிற்சி என்னும் சொல்லில்தான் உயிர் இருக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை வகுப்புத் தாண்டினால், தாண்டிய பாடத்தை வீட்டு ஆசிரியர் சொல்லித் தருவார். நம் பிள்ளை நான்காம் வகுப்பைத் தாண்டினால் பின்னக் கணக்கைத் தாண்டுகிறது; அதன்பின் விகிதம், வட்டி, இயற்கணிதம் எதுவும் பிடிபடாது.

நம் சங்கத்தின் மாலைப் பள்ளியிலும் இதில் பிழை நேர்ந்ததுண்டு. வயது முதிர்ந்த ஒரு சிறுமியை மேல் வகுப்பில் அமர்த்துமாறு வேண்டிச் சென்றோம். ‘உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்ச்சியே பெரிது’ என்றார் அங்கிருந்த தலைமையாசிரியர். அச்சொல் இன்றும் சுடுகிறது. எனினும் மனு எழுதுவதில் காட்டிய ஊக்கத்தை, அச்சிறுமிக்கு விடுபட்ட பாடங்களைக் கற்பிப்பதில் நாம் காட்டவில்லை. இடம் கிடைத்தது, அரையாண்டில் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதுமுதல் மனுவுக்கு முன்னரே மூன்று மாதம் கணக்கும் தமிழும் மாலையில் நடத்துகிறோம். பிள்ளையின் உண்மை வயதைத் தாயிடம் கேட்டுத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். ‘பெருமழை பெய்த ஆண்டு’, ‘மூத்தவள் கலியாணத்துக்கு அடுத்த தை’ என்றே அவர்கள் சொல்கிறார்கள்; அவ்வாறே எழுதிக்கொள்கிறோம்.