அப்பா செய்த அட்டை அரங்கு

செஸ்டர்டன் என்றால் நம்மில் பலருக்கும் ஃபாதர் பிரவுன்தான் ஞாபகத்துக்கு வருவார். குட்டை உருவம், கையில் பெரிய குடை, பார்த்தால் அப்பாவி, ஆனால் எந்தக் கொலைகாரனும் அவரிடமிருந்து தப்ப முடியாது. நானும் அந்தக் கதைகள் வழியாகத்தான் செஸ்டர்டனிடம் போய்ச் சேர்ந்தேன். ஆனா இன்னிக்குச் சொல்லப் போறது துப்பறியும் சமாச்சாரம் இல்லை. அட்டை, பசை, கத்தரிக்கோல், வாட்டர் கலர் சம்பந்தப்பட்டது. ஒரு அப்பாவும் ஒரு பிள்ளையும் சம்பந்தப்பட்டது.

ஜி.கே. செஸ்டர்டன் 1936 ஜூன் 14-ம் தேதி இறந்தார். அவருடைய சுயசரிதை அவர் போன பிறகு அதே வருஷம் வெளிவந்தது. அதன் இரண்டாவது அத்தியாயத்தில், இந்த உலகத்தில் தன் கண்ணால் பார்த்ததாக ஞாபகம் இருக்கும் முதல் காட்சி எதுன்னு சொல்றார்.

ஒரு இளைஞன் பாலத்தின் மேல் நடந்து வருகிறான். முறுக்கு மீசை. நடையில் ஒரு மிதப்பு. தலையில் தங்க நிறக் கிரீடம். கையில் பளபளன்னு மஞ்சள் உலோகச் சாவி, அவன் உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய சாவி. பாலத்தின் ஒரு முனை கிடுகிடு பள்ளத்தை ஒட்டிய மலை விளிம்பில் இருக்கிறது. மறுமுனை ஒரு கோட்டையின் கோபுரத்தில். கோபுரத்து ஜன்னலில் ஒரு இளம்பெண்.

லண்டன் கென்சிங்டனில் வீடு வாங்க விற்க ஏற்பாடு செய்து தரும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை இதை எங்கே பார்த்திருக்க முடியும்? விஷயம் இதுதான். அந்த இளைஞனின் உயரம் ஆறு அங்குலம். அட்டையில் வெட்டினது. அவன் நடந்து வந்தது, செஸ்டர்டனின் அப்பா தன் கையால் செய்த பொம்மை நாடக அரங்கில்!

கொஞ்சம் பின்னாடி போய் இந்தப் பொம்மை அரங்கு என்னன்னு பார்த்துட்டு வந்துடுவோம்.

1811-ஐ ஒட்டிய வருஷங்களில் லண்டனில் ஒரு புது வியாபாரம் ஆரம்பிச்சது. பெரிய நாடகக் கொட்டகைகளில் ஓடும் நாடகங்களின் நடிகர்களை, அந்தந்த வேஷத்தோடு படமாக அச்சடித்துத் தாள் தாளாக விற்றார்கள். முதலில் வந்தவர்களில் வில்லியம் வெஸ்ட் முக்கியமானவர். பெரியவங்க ஞாபகார்த்தமா வாங்கினாங்க. சின்னப் பசங்க என்ன செய்வாங்க? வெட்ட ஆரம்பிச்சாங்க! உடனே வியாபாரிகளும் அதுக்கேத்த மாதிரி மாறிட்டாங்க. கதாபாத்திரங்களுக்குத் தனித் தாள், பின்திரைக்குத் தனித் தாள், பக்கத் தட்டிகளுக்குத் தனித் தாள், கூடவே வசனப் புத்தகம். வெறும் கறுப்பு வெள்ளைத் தாள் ஒரு பென்னி. கையால் வண்ணம் தீட்டினது இரண்டு பென்னி.

வேலை சாதாரணம் இல்லை. தாளுக்கு வண்ணம் தீட்டணும், அட்டையில் ஒட்டணும், மூக்கும் வாளும் உடையாம வெட்டணும். ஒரே கதாநாயகன் நிக்கறதுக்கு ஒண்ணு, சண்டை போடறதுக்கு ஒண்ணு, சாகறதுக்கு ஒண்ணுன்னு பல உருவமா வருவான். அவங்களைக் கம்பி மாட்டிய சின்னத் தாங்கியில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து தள்ளித் தள்ளி மேடையில் நடத்தணும். வசனம் நாமே பேசணும். பத்து நிமிஷ நாடகத்துக்குப் பல வார உழைப்பு. கொலு வைக்கிற வீட்டுக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-)

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் (நம்ம 'புதையல் தீவு' ஸ்டீவன்சன்தான்) எடின்பரோவில் சின்னப் பையனா இருந்தப்போ இந்தத் தாள்களுக்காகக் கடை வாசலில் தவம் கிடந்தவர். 1884-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்ணம் தீட்டுகிற நேரம்தான் சந்தோஷம், தீட்டி முடிச்சா அதோட சுவாரசியமே போயிடும் என்பது அவர் கட்சி. இரண்டு பென்னி கொடுத்து வண்ணத் தாளை வாங்கறவன் அந்தச் சந்தோஷத்தைத்தானே விட்டுட்டுப் போறான்? பிரஷ் பிடிச்சுப் பழகின யாரும் இதை ஒத்துக்குவாங்க.

அந்தக் கட்டுரையில் அவர் பேர் சொல்லிப் புகழ்ந்த கடை கிழக்கு லண்டன் ஹாக்ஸ்டன் தெருவில் இருந்த பெஞ்சமின் பொல்லாக்கின் கடை. அது மாமனார் கடை. ஜான் ரெடிங்டன் என்ற அச்சுக்காரர் 1876-ல் இறந்தபோது, அவர் மகள் எலைசாவும், அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பொல்லாக்கும் அதை எடுத்து நடத்தினார்கள். அந்தத் தொழில் ஏற்கெனவே இறங்குமுகம். பெரிய எழுத்தாளர் ஒருத்தர் மனசு விட்டு எழுதின நாலு பக்கம் ஒரு சின்னக் கடைக்கு எவ்வளவு பெரிய உபகாரம் பாருங்க! அதுக்கப்புறம் அந்தக் கடையைத் தேடிப் பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். ரஷ்ய பாலே நிறுவனத்தின் தியாகிலெவ், இந்தத் தாள்களின் ஓவியப் பாணியை வைத்தே 1926-ல் லண்டனில் ஒரு பாலே போட்டார்.

பொல்லாக் 1937-ல் இறந்த பிறகு லூயிசா, செலீனா என்ற இரண்டு மகள்கள் கடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போர்க்காலம் வேற. 1944-ல் விற்கும்படி ஆச்சு. பின்னாளில் அந்தச் சரக்கை வாங்கிய மார்கரீட் ஃபாட்ரி என்ற பெண்மணி 1956-ல் பொல்லாக் பேரிலேயே ஒரு பொம்மை அருங்காட்சியகம் தொடங்கினார். அது 2023 ஜனவரியில் லண்டன் ஸ்காலா தெருவில் இருந்த தன் கட்டடத்தை விட்டு வெளியேறும் வரை ஓடியது. தாத்தாவிடமிருந்து மகள், அவளிடமிருந்து பேத்திகள்னு கை மாறி மாறி வந்த சொத்து அது. மரச்சட்டம், செப்புத் தகடு, தாள் என்று கண்ணால் பார்க்கக் கூடிய சொத்து.

செஸ்டர்டன் வீட்டுக் கதை இதுக்கு நேர் எதிர்.

அப்பா பேர் எட்வர்ட் செஸ்டர்டன். குடும்பத்துக்குக் கென்சிங்டனில் வீட்டு மனைத் தரகு நிறுவனம், பல தலைமுறையா நடந்து வந்தது. பிழைப்பு அதுதான், ஆனா மனசு வேற இடத்தில். வாட்டர் கலர், களிமண் உருவம், புகைப்படம், வண்ணக் கண்ணாடி, இழைப்பு வேலை, மாய விளக்கு, பழைய சுவடிகளில் வருகிற மாதிரி அலங்கார எழுத்து... ஒண்ணு விடாம கை வெச்சவர். எதையும் காசுக்குச் செய்யலை. வீட்டுக் குழந்தைகளுக்காகவும் தன் சந்தோஷத்துக்காகவும்தான்.

அப்பா நினைச்சிருந்தா ஓவியரா ஆகியிருக்கலாமே என்று மற்றவர்கள் அங்கலாய்ப்பதை மகன் ஏத்துக்கலை. தொழில்முறை ஓவியரா ஆகியிருந்தா அமெச்சூரா இருக்க முடியாமப் போயிருக்கும், நல்லவேளை ஆகலைங்கறார்! விளையாட்டா சொன்னாலும் அதில் ஒரு கணக்கு இருக்கு. ஓவியர் ஒரு வேலையில் பேர் வாங்கணும். அமெச்சூருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூறு வேலையை நூறு விதமா செஞ்சு வீட்டுக்குள்ளேயே கொடுத்துட்டுப் போகலாம்.

அந்த வீட்டில் துக்கத்துக்கும் குறைவில்லை. மூத்த பெண் பீட்ரிஸ் சின்ன வயசிலேயே இறந்துட்டாள். இளைய மகன் செசில் 1918 டிசம்பரில், முதல் உலகப்போர் முடிந்த சில வாரங்களில், பிரான்ஸில் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். 1922-ல் எட்வர்ட் இறந்தபோது மூணு பிள்ளைகளில் மிச்சம் இருந்தது கில்பர்ட் மட்டும்தான்.

இப்போ கில்பர்ட். ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவை எப்பவோ தாண்டின உடம்பு. ஸ்லேட் ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம் படிச்சவர். நாவல், கவிதை, பத்திரிகைப் பத்தின்னு ஓயாம எழுதித் தள்ளினவர். இவ்வளவுக்கும் நடுவில் அட்டையில் ராஜாவையும் டிராகனையும் வரைஞ்சு வண்ணம் தீட்டி வெட்டிக்கிட்டும் இருந்தார். 1909-ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் பொம்மை அரங்கைப் பற்றியே ஒரு கட்டுரை இருக்கு. பெரியவங்க ஏன் பொம்மையோட விளையாடறதில்லைன்னு கேட்டு, அதுக்கு ரொம்ப நேரமும் உழைப்பும் வேணும், அதான் காரணம்னு பதில் சொல்றார். புத்தகம் எழுதுவதை விட ஒரு குட்டி அரங்குக்கு உருவம் தயாரிப்பது கஷ்டம்னு அடிச்சுச் சொல்றார். இன்னொண்ணும் சொல்றார். பெரிய மேடைக்குத்தான் கட்டுப்பாடு அதிகம், மேடை சின்னதா இருந்தா அதில் உலகம் அழியற நாளைக் கூடக் காட்டிடலாமாம்!

1909-ல் அவரும் மனைவி ஃபிரான்சஸும் பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற ஊருக்குக் குடி போனாங்க. அவங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஏக்கம் ஃபிரான்சஸுக்கு நிறையவே உண்டு. ஆனா வீடு நிறையக் குழந்தைகள், எல்லாம் மத்தவங்க குழந்தைகள். அவங்களுக்காக அட்டை நாடகம் போட்டார், படம் வரைஞ்சு கொடுத்தார், குரலை மாத்தி மாத்தி வசனம் பேசினார். பத்திரிகைக்காரங்க கட்டுரைக்காகக் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க, பாவம்.

என் பார்வையில் இதுதான் விஷயம். அப்பா தன் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் செய்ததை, பிள்ளை ஊரார் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் செய்தார். அப்பாவின் உழைப்பை அவர் வீட்டில் பெற்றவர் இவர். இவருக்கு அதைக் கொடுக்கச் சொந்தப் பிள்ளை இல்லை. அதனால் அது ஊருக்குப் போச்சு.

இதுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1933-ல் அம்மா இறந்த பிறகு பழைய வீட்டைக் காலி செய்யப் போனார் செஸ்டர்டன். அப்பாவின் அறையில் இருந்த காகிதங்களில் பெரும்பகுதியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மெய்ஸி வார்ட் சொல்கிறார். குடும்பப் பத்திரங்களும் அதோடு போச்சு. கொஞ்ச நஞ்சம் மிஞ்சியது செயலாளர் டாரதி காலின்ஸ் காப்பாற்றியதால்தான். படிக்கும்போது 'ஐயோ'ன்னு இருக்கும். வரலாற்றில் ஆர்வம் இருக்கறவங்களுக்கு வயிறே எரியும். ஆனா அதே மனுஷன்தான் சுயசரிதையில் அந்த ஆறு அங்குல அட்டைப் பையனின் மீசையைக் கூட மறக்காமல் எழுதினார். கிட்டத்தட்ட அறுபது வருஷத்துக்கு முன்னாடி பார்த்தது! அந்த அத்தியாயத்துக்கே தங்கச் சாவிக்காரன் பேரைத்தான் வைத்தார்.

இந்த இடத்தைப் படிச்சப்போ எனக்கு எங்கப்பா ஞாபகம் வராம இல்லை. டெலிபோன் இலாகாவில் வேலை. சாயங்காலம் ஆனா கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி ஒட்டி, முழங்கை உயரத்துக்குத் தேர் செய்வார். சக்கரம் உருளும், குதிரைக்குப் போஸ்டர் கலரில் கண்ணு கூட இருக்கும். எங்க தெருவில் அந்தத் தேரை இழுக்காத பையனே கிடையாது. அவர் போனப்போ பரணில் சக்கரம் மாட்டாத தேர் ஒன்பது இருந்தது. வெச்சுக்கறதா, கொடுக்கறதான்னு வீட்டில் ரெண்டு கட்சி. பத்திரமா வெச்சுக்கணும்னு அம்மா. முதல் திதி முடிஞ்சதும் அம்மாவே, "உங்கப்பா எதை வீட்டுல வெச்சுக்கிட்டார், நீ கொடுத்துடுப்பா" என்றாள். நானும் சக்கரம் வெட்டி, வண்ணம் அடிச்சு, ஒண்ணொண்ணா கொடுத்தேன். ஒன்பதும் தீர்ந்த பிறகு பத்தாவதை நானா செய்ய ஆரம்பிச்சேன். அப்பா செஞ்சது மாதிரி குதிரை இன்னும் வரலை, கழுதை மாதிரிதான் வருது. பசங்க கண்டுக்கறதில்லை.

பொல்லாக்கின் மகள்கள் செஞ்சது பெரிய காரியம். அவங்க அந்தத் தகடுகளைக் காப்பாத்தலைன்னா இந்த வரலாறு பாதி நமக்குக் கிடைச்சிருக்காது. அதை நான் குறைச்சு மதிப்பிடலை. ஆனா எட்வர்ட் செஸ்டர்டனுக்குக் கடை இல்லை, தகடு இல்லை, அச்சு இல்லை. அவர் விட்டுட்டுப் போனது வேலை செய்யற கையைப் பார்த்துக்கிட்டே வளர்ந்த ஒரு பிள்ளையை. அப்படிப்பட்ட பிள்ளை காகிதத்தைத் தூக்கிப் போடலாம், அதில் பெரிய தப்பில்லைன்னு எனக்குப் படுது. பிரஷ்ஷைக் கீழே வைக்காம இருந்தாப் போதும்.

அந்த 1909 தொகுப்பின் பேர் 'ட்ரெமெண்டஸ் ட்ரைஃபிள்ஸ்'. காப்புரிமை தீர்ந்து போனதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்குது. பொம்மை அரங்குக் கட்டுரை நாலைஞ்சு பக்கம்தான். படிக்கும்போது பக்கத்தில் ஒரு பழைய அட்டையும் கத்தரிக்கோலும் இருக்கட்டும், கை சும்மா இருக்காது :-)

உங்க வீட்டில் அப்பாவோ அம்மாவோ கையால் செஞ்சு யாருக்காவது கொடுத்துக்கிட்டே இருந்தது எது? இப்போ அதை யார் செய்யறாங்க? சொல்லுங்களேன்.