கலகம், கலவரம், புரட்சி: திடீர்க் கொந்தளிப்பைக் குறிக்கும் சொற்களும் ஈழத்தமிழர் வழக்கும்

1. முன்னுரை

ஒரு சமூகத்தின் இயல்பு வாழ்வைத் திடீரெனப் புரட்டிப்போடும் நிகழ்ச்சிகளைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கலகம், கலவரம், கிளர்ச்சி, புரட்சி, குழப்பம், அமளி, கொந்தளிப்பு என அவை நீளும். அகராதிகளில் இவை அருகருகே ஒருபொருட்கிளவிகளாக இடம்பெறுகின்றன. ஆயினும் வழக்கில் ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்புவதில்லை. ஒவ்வொரு சொல்லும் எந்த வினையோடு சேர்ந்து வருகின்றது என்பதே அதன் வரலாற்றுப் பொருளைத் தீர்மானிக்கின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

2. செய்வோரைச் சுட்டும் சொற்கள்

கலகம், கிளர்ச்சி, புரட்சி ஆகிய மூன்றும் 'செய்' என்னும் வினையை இயல்பாக ஏற்பன. கலகம் செய்தனர் என்றால் செய்தவர் எவர் என்ற வினாவுக்கு வாக்கியத்திலேயே இடமுண்டு. வேறுபாடு மதிப்பீட்டில் உள்ளது. 1806 யூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததைச் 'சிப்பாய்க் கலகம்' என எழுதியோர் ஆள்வோரின் பக்கம் நின்று பார்த்தனர். 'வேலூர்ப் புரட்சி' என எழுதுவோர் எழுந்தவர்களின் பக்கம் நிற்கின்றனர். 1857க்கும் இஃது ஒக்கும்.

'புரள்' என்னும் அடியிலிருந்து பிறந்த புரட்சி, கீழ்மேலாதலைக் குறிப்பது. ருசியப் புரட்சியைப் பாடிய பாரதியார் அதனை 'யுகப்புரட்சி' என வாழ்த்தினார். பின்னர் அச்சொல் கவிஞருக்கும் நடிகருக்கும் அடைமொழியாயிற்று. பசுமைப் புரட்சி என வயலுக்கும் சென்றது. அச்சத்தைத் தந்த சொல் புகழ்மொழியாக மாறிய வரலாறு இது. இலங்கையில் 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியினர் ஆயுதமேந்தியதைக் 'கிளர்ச்சி' என்றே தமிழில் பெரும்பாலும் எழுதுகின்றோம். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் அற்ற இடைநிலைச் சொல் அது.

3. செய்வோரை மறைக்கும் சொல்

கலவரத்தின் இயல்பு வேறு. 'மனம் கலவரமடைந்தது' என்னும்போது அஃது உள்ளத்தின் நிலை. பொதுவெளியிலோ கலவரம் பெரும்பாலும் 'மூண்டது', 'வெடித்தது', 'ஏற்பட்டது', 'வந்தது' எனவே கூறப்படுகின்றது. தீயைப்போல், மழையைப்போல், தானாக வருவதாகின்றது. 'கலவரக்காரர்' என்ற சொல்லும் எத்தரப்பார் என்பதைக் கூறுவதில்லை.

ஐம்பத்தெட்டுக் கலவரம், எழுபத்தேழுக் கலவரம், எண்பத்துமூன்றுக் கலவரம் என்று எம்மவர் ஆண்டுகளை எண்ணுவர். 1983 யூலை 23 அன்று திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதை அடுத்துக் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகள் தேடப்பட்டன. யூலை 25, 27 ஆகிய நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இடாப்புப் பார்த்து வருவதைத் தானாக மூண்ட தீ எனல் பொருந்தாது.

எண்பதுகளின் பிற்பகுதியில், கனடாவில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றினேன். வெள்ளவத்தையில் வீடிழந்த மூதாட்டி ஒருவர், "கலவரம் வந்தது, தம்பி, வெளிக்கிட்டிட்டம்" என்றார். அகராதி தந்த ஆங்கிலச் சொல்லை நான் பெயர்த்துக் கூறினேன். "அந்த மோதலில் நீங்கள் எந்தத் தரப்பு?" என்று விசாரணையாளர் கேட்டார். மூதாட்டி என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, ஆயினும் அவருக்கு நேர்ந்தது அதில் இல்லை. அவ்வினாவே இவ்வாய்வின் தொடக்கம்.

4. அன்றாட வழக்கு

பேச்சுவழக்கு மேலும் அடங்கியது. பல்லாண்டுப் போரைப் 'பிரச்சினை' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கி, "பிரச்சினைக்கு முதல் கட்டின வீடு" என்பர். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாம மக்கள் தென்மராட்சி நோக்கி ஒரே இரவில் நடந்தது 'இடப்பெயர்வு' ஆயிற்று. பெயர்ந்தோம் என்கின்றோம், பெயர்க்கப்பட்டோம் என்பதில்லை. இதற்கு மாறாக, 2004 திசெம்பர் 26 பேரலையைக் குறிக்கப் பழஞ்சொல்லான 'கடற்கோள்' மீண்டும் எழுந்தது. கடல் கொண்டது என்பதில் கொண்டது எது என்பது தெளிவு. இயற்கையின் செயலுக்கு எழுவாய் தந்த மொழி, மனிதரின் செயலுக்கு அதனைத் தரத் தயங்கியுள்ளது. தயக்கத்திற்கு அச்சமும் காரணம். அயலாரோடு மீண்டும் வாழவேண்டியிருந்த தேவையும் காரணம்.

5. முடிவுரை

'வன்செயல்', 'படுகொலை', 'இனப்படுகொலை' ஆகிய சொற்கள் இன்று எழுத்தில் வலுப்பெற்றுள்ளன. செயல், கொலை என்னும் பகுதிகளால் அவை செய்தவரைத் தேடச் செய்கின்றன. எனினும் மூத்தோர் வாய்மொழியில் கலவரமே நிலைக்கின்றது. வாய்மொழி வரலாற்றைப் பதிவோர் அச்சொல்லைத் திருத்தலாகாது, அது சான்று. அதனை அப்படியே பதிந்து, "யார் வந்தார்கள், அம்மா?" என்ற அடுத்த வினாவைக் கேட்டலே எம் கடன். அன்று அவ்வினாவைக் கேட்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இருக்கவில்லை. இன்று ஆய்வாளர்க்கு அவ்வுரிமை உண்டு. விடை கூறக்கூடியோர் தொகையோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.