சூட்டுக்கோலிலிருந்து வலை வரை

மூட்டை சுமப்போரும், படகு தள்ளுவோரும், மண் வெட்டுவோரும் தம் உடலை நம்பியே உண்பவர்கள். அவர்களுடைய பிழைப்பையே முடக்கிப் போடும் நோய்களுள் ஒன்று குடலிறக்கம். குழந்தை முதல் முதியவர் வரை எவருக்கும் இது வரலாம். வயிற்றுச் சுவரில் ஓரிடம் நலிந்து இடைவெளி விடும்போது, உள்ளிருக்கும் குடல் அதன் வழியே பிதுங்குகின்றது. படுத்தால் உள்ளே போகும். இருமினால் வெளியே வரும். வழியில் சிக்கி இறுகிவிட்டாலோ, இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகி, உயிருக்கே உலை வைத்துவிடும். கிழிந்த துணியைத் தைப்பது போல் தைத்துவிட்டால் தீர்ந்தது என்று நமக்குத் தோன்றலாம். அவ்வளவு எளிதில் அது தீரவில்லை என்பதை வரலாறு காட்டுகின்றது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் தோன்றியவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கே உரியது. குடலிறக்கத்துக்கு அவர் கூறிய சிகிச்சைகளுள் ஒன்று சூடு. நோயாளியை மூச்சடக்கச் செய்து, குடல் இறங்கும் இடத்தைக் கண்டு குறியிட்டு, குடலை விரலால் உள்ளே தள்ளி, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அவ்விடத்தில் வைக்க வேண்டும். அவ்வேளையில் குடல் வெளியே வந்துவிடலாகாது என்று அவர் எச்சரிக்கின்றார். இன்று கேட்போருக்கு உடல் நடுங்கும். ஆயினும் அதில் அடங்கிய கருத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சுட்ட இடம் ஆறும்போது தடித்த தழும்பு உண்டாகும். அத்தழும்பு வாயிலை அடைக்கும். 1013இல் அப்பேரறிஞர் மறைந்தார். அடுத்த நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு அறுவை மருத்துவப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

தையல் முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் இத்தாலியின் பதுவா நகரத்து எதோர்தோ பஸ்ஸினி. இளமையில் போர் வீரராக இருந்து, 1867இல் தொடையிடுக்கிலேயே துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துண்டு பிழைத்தவர் அவர். வயிற்றுச் சுவரின் அடுக்குகளைப் பிரித்தறிந்து, பின்சுவரை மீண்டும் கட்டியெழுப்பும் முறையை 1887இல் அவர் அறிவித்தார். அது உலகெங்கும் பரவியது. எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. இடைவெளியின் இரு கரைகளையும் இழுத்துச் சேர்த்தே தைக்க வேண்டியிருந்தது. இழுவிசையில் நிற்கும் தசை நாளடைவில் தையலை அறுத்துக்கொண்டது. பலருக்கு நோய் திரும்பியது.

இழுப்பதற்குப் பதிலாக ஒட்டுப் போட முடியாதா? தசைநாரைப் போல் உறுதியான பொருளைச் செயற்கையாக உண்டாக்கினால் இந்நோய் தீரும் என்று வியன்னாவின் பில்ரோத் அந்நூற்றாண்டிலேயே கருதினார். வெள்ளிக் கம்பியால் வலை பின்னிப் பார்த்தனர். 1940களில் டாண்டலம் என்னும் உலோக வலை வந்தது. உடல் அசைய அசைய உலோகம் ஒடிந்தது.

விடை பிளாஸ்டிக்கில் இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் பிரான்சிஸ் அஷர், 1958இல் பாலிஎதிலீன் வலையைப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார். 1960களின் தொடக்கத்தில், கயிறும் சாக்கும் செய்ய உதவும் பாலிபுரொப்பிலீனால் வலை பின்னினார். இவ்வலை வெறும் அடைப்பு அன்று. அதன் கண்களின் ஊடே புதிய திசு வளர்ந்து, வலையைத் தன்னுள் பொதிந்து, ஓர் உறுதியான தழும்பாகின்றது. அஸ்ஸஹ்ராவி நெருப்பால் பெற முயன்ற தழும்பை அஷர் நெருப்பின்றிப் பெற்றார்.

பிரான்சில் ரிவ்ஸும் ஸ்தோப்பாவும் வலையைத் தசைக்குப் பின்புறம் விரித்தனர். குடலை வெளியே தள்ளும் வயிற்றழுத்தமே அங்கு வலையை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றது. இழுவிசையற்ற சீரமைப்பை லாஸ் ஏஞ்சல்ஸின் லிக்டென்ஸ்டைன் எளிமையாக்கி, ஆயிரம் நோயாளிகளின் விவரத்தை 1989இல் வெளியிட்டார். பழைய அறுவைத் தழும்பில் தோன்றும் குடலிறக்கத்தைப் பற்றி நெதர்லாந்து மருத்துவர்கள் ஆராய்ந்து 2000இல் முடிவை அறிவித்தனர். தையல் மட்டும் போட்டவர்களுள் நூற்றுக்கு 43 பேருக்கு மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது. வலை வைத்தவர்களுள் 24 பேருக்கு.

24 என்பதும் சிறிய எண் அன்று. வலையால் நெடுநாள் வலியுற்றோரும், கிருமி பற்றி வலையை அகற்ற நேர்ந்தோரும் உண்டு. மேலும், பன்றியின் தோலிலிருந்து செய்த வலைகளும் இன்று உள்ளன. வைக்கப்போகும் வலை எதனால் ஆனது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறிவது நம்மவர்க்குரிய உரிமை. ஐயம் எழுந்தால் ஆலிம்களைக் கலந்துகொள்ளலாம்.

இவ்வளவும் கடந்தபின் எழுந்தது விலைப் பிரச்சினை. மருந்து இருந்தும் வாங்க முடியாதவனுக்கு அது இல்லாத மருந்தே. மகாராஷ்டிரத்தின் தொண்டாய்சா என்னும் சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் தோங்காவ்கர், கொசுவலைத் துணியைத் தூய்மை செய்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடலிறக்கங்களில் வைத்த அனுபவத்தை 2003இல் வெளியிட்டார். இவ்வேலைக்கென்று தேர்ந்து, கிருமி நீக்கிய துணி அது. கடையில் வாங்கிக் கட்டிலுக்குக் கட்டும் வலையென்று எவரும் எண்ணிவிடலாகாது. பின்னர் உகாண்டாவில் 302 ஆடவரிடம் இரு வகை வலைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். முடிவு 2016இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் மலிவு வலை பெற்றோருள் ஒருவருக்கு மட்டும் நோய் திரும்பியிருந்தது. விலை மிகுந்த வலை பெற்றோருள் எவருக்கும் திரும்பவில்லை. ஏனைய சிக்கல்கள் இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன.

நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து. அந்நிவாரணத்தைத் தேடுவதோடு நம் கடமை முடிவதில்லை. ஏழையின் கைக்கு எட்டச் செய்வதும் நம் கடமையே. நம் ஊர்களிலோ செலவுக்கு அஞ்சுவோர் ஒருபுறம்; மறைவிடத்து நோயாயிற்றே என்று வெட்கி, இறுக்கிக் கட்டிய துணியோடு காலம் தள்ளுவோர் மறுபுறம். குடல் இறுகிய பிறகு ஓடுவதைவிட, அதற்கு முன்னரே மருத்துவரை நாடச் சொல்வோம். செலவுக்கு வழியற்றவருக்கு ஜமாஅத்தும் உறவும் கை கொடுக்கட்டும். மூட்டை தூக்கும் ஒருவரை மீண்டும் தம் தொழிலில் நிற்க வைப்பது, அவரை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கே உணவளிப்பதாகும்.