விஞ்ஞானவாதம்

அறிவுக்குப் புறம்பாகப் பொருள் இல்லை, காண்பன யாவும் அறிவின் தோற்றங்களே என்னும் மகாயான பௌத்தக் கொள்கை. யோகாசாரம் எனவும் வழங்கும். இதை நிலைநாட்டியோர் அசங்கரும் வசுபந்துவும்.

உலகம் மனத்தோற்றமாயின், பொருள்கள் குறித்த இடத்தில், குறித்த காலத்தில் மட்டும் தோன்றுவதேன்? கனவிலும் இவ்வரையறை உண்டு என்று வசுபந்து ‘விம்சதிகா’ நூலில் விடையளித்தார். பலரும் ஒன்றையே காண்பதேன் என்பதற்கு, ஒத்த வினைப்பயனால் பசித்த பேய்கள் யாவும் ஆற்றைச் சீழாகக் காண்பதை எடுத்துக்காட்டினார்.

இக்கொள்கையின் பேருரையாசிரியர் தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்து நாளந்தாவில் தலைமை ஏற்றவர். அவர் விளக்கங்களைப் பெரிதும் தழுவி யுவான் சுவாங் 659இல் சீன மொழியில் பெருநூல் தொகுத்தார்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் இக்கொள்கையை மறுத்தார். அறிவோனும் அறியப்படும் உலகும் வெவ்வேறு உள்பொருள்கள் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிபு.