பாடலிபுரம்: உலகின் அமைப்பை எழுதிய ஊர்

குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூருக்குப் பேருந்தில் செல்வோர் பெரும்பாலும் இறங்கும் இடம் திருப்பாதிரிப்புலியூர். பேருந்து நிலையம், இரயில் நிலையம், கடைவீதி, பாடலீசுவரர் திருக்கோயில் எனப் பகல் முழுதும் ஓயாத பகுதி அது. மக்கள் நாவில் 'திருப்பாப்புலியூர்' எனச் சுருங்கிவிட்ட அவ்வூர், ஒரு காலத்தில் தமிழகச் சமணத்தின் தலைசிறந்த கல்விநிலையமாகத் திகழ்ந்தது என்பதை அங்கு இறங்குவோருள் எத்தனை பேர் அறிவர்?

முதலில் ஊரின் இருப்பைக் காண்போம். திருவதிகை, திருமாணிகுழி, திருவயிந்திரபுரம் ஆகிய தலங்களைத் தழுவி வரும் கெடிலம், கடலை அடையுமுன் இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. ஆற்றின் வடபால் மஞ்சக்குப்பம், தென்பால் திருப்பாதிரிப்புலியூர், அதற்கும் தெற்கே துறைமுகத்தை ஒட்டிய முதுநகர். இவ்வாறு தனித்தனியே நின்ற ஊர்கள் ஒன்றுசேர்ந்ததே இன்றைய கடலூர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகராட்சியின் மக்கள்தொகை 1,73,636. 2021இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது.

ஊர்ப்பெயரில் உள்ள 'பாதிரி' ஒரு மரம். வடமொழியில் அதனைப் 'பாடலி' என்பர். மகதத்தின் தலைநகரான பாடலிபுத்திரமும் அம்மரத்தின் பெயரையே தாங்கியது. நம் கெடிலக்கரை ஊரையும் பாடலிபுரம், பாடலிபுத்திரம் என்றே பழையோர் வழங்கினர். ஆறும் கடல்துறையும் அருகமைந்த இடம் வணிகர்க்கும் துறவியர்க்கும் ஒருங்கே ஏற்றதாக இருந்திருக்கும் என்று கருதுவது பொருந்தும்.

இவ்வூரின் சமணப் பெருமைக்குத் தலையாய சான்று 'லோகவிபாகம்' என்னும் நூல். தீவுகள், கடல்கள், விண்ணுலகங்கள் என உலகத்தின் அமைப்பைச் சமண நெறியின்படி விரித்துரைக்கும் நூல் அது. சர்வநந்தி என்னும் முனிவர் பாடலிகம் என்னும் ஊரில் பிராகிருதத்தில் இதனை எழுதி முடித்தார். அந்தப் பாடலிகம் நம் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் கொள்கை. மூலம் இன்று கிடைக்கவில்லை. பின்னாளில் சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கமே எஞ்சியுள்ளது.

அந்நூலின் முடிவில் காணப்படும் குறிப்பே வரலாற்றாசிரியர்க்குப் பெருநிதியாயிற்று. நூல் முடிந்தது சக ஆண்டு 380. அது காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்கிறது அக்குறிப்பு. சக 380 என்பது கி.பி. 458. எனவே அம்மன்னன் அரியணை ஏறியது கி.பி. 436 அளவில் என்பது தெளிவாகிறது. பல்லவர் காலவரிசையைக் கட்டமைக்க உதவும் உறுதியான தூண்களுள் இதுவும் ஒன்று. சுழியத்தையும் இடமதிப்பையும் கொண்டு எண்களைக் குறிக்கும் முறை இந்நூலில் காணப்படுவதால், கணித வரலாற்றாரும் இதனைப் போற்றுகின்றனர்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே பாடலிபுரப் பள்ளியில் கற்றவர் திருவாமூர் மருணீக்கியார். தருமசேனர் என்னும் பெயருடன் அங்கே தலைமை பெற்ற அவரே பின்னர்ச் சைவம் சார்ந்து திருநாவுக்கரசர் ஆனார். மன்னனும் சமயம் மாறி, பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் உரைக்கிறது. இதனைப் பகைமை வளர்க்கும் கதையாக நாம் கொள்ளல் ஆகாது. நாவுக்கரசரின் கல்விக்கு அடித்தளம் இட்டதில் அப்பள்ளிக்கும் பங்குண்டு என்பதே நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

ஊர்கள் மாறுவது இயல்பு. நம் கண்முன்னரே, 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், சிற்றூர்கள் இருந்த நிலத்தில் நெய்வேலி நகரியம் எழுந்தது. பழைய வயல்களின் பெயரை இன்று முதியோரிடமே கேட்டறிய வேண்டியுள்ளது. ஒரு தலைமுறைக்குள்ளேயே இவ்வாறெனில், பதினைந்து நூற்றாண்டுகளில் ஒரு பள்ளி மறைந்ததில் வியப்பில்லை.

ஆனால் மறதிக்கு நாம் துணைபோகலாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். ஏழு கோடியைத் தாண்டிய மக்கள்தொகையில் இது ஆயிரத்தில் ஒருவரைச் சற்றே விஞ்சும் அளவு. வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரும், மேல்சித்தாமூரைத் தம் மடமாகக் கொண்ட தமிழ்ச் சமணரும் இத்தொகையுள் அடங்குவர். சிறுபான்மையினர்க்கு நினைவே அரண்.

சர்வநந்தி மூவுலகையும் விரித்தார். தம் பள்ளியைப் பற்றி விரித்தாரில்லை. ஊரின் பெயரையும் காலத்தையும் மட்டுமே நூலிறுதியில் குறித்தார். பள்ளியின் கட்டடம் போயிற்று, மூலநூலும் போயிற்று, அச்சிறு குறிப்பு நின்றது. அதுவே இன்று நமக்கு முகவரி.

ஆதலின் இத்திருநாளில் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பரணில் ஏட்டுச்சுவடியோ, பழைய கணக்கேடோ, பாட்டனார் கைப்பட எழுதிய தோத்திரமோ இருக்குமாயின், அதனை எடுத்துத் துடைத்து, எவ்வூரில் யாரால் எப்பொழுது எழுதப்பட்டது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். தெரிந்த முதியோர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும். ஒரு வரி போதும். ஒரு வரி என்ன செய்யும் என்பதைப் பாடலிபுரம் காட்டி நிற்கிறது.

அறம் வாழ்க! அருகன் நெறி ஓங்குக!