வீட்டில் தயாரிக்கும் பீர் பாட்டில் வெடிப்பது ஏன்? புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. இதில் இறங்கும் புதியவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், 'இது விஷமாகிடுமா?' என்பதுதான். ஆனால் உண்மையான ஆபத்து இருப்பது வேறு இடத்தில். அவசரப்பட்டு மூடிய பாட்டில், அலமாரியில் இருக்கும்போதே வெடித்துச் சிதறலாம். அது எப்படி? பீர் உருவாகும் முறையைப் புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி கிடைக்கவில்லை. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதன்படி, ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர் தயாரிக்கலாம். இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் அனுமதித்தன.

தமிழ்நாட்டில் நிலைமையே வேறு. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'வீட்டுக்குத்தானே, கொஞ்சமாத்தானே' என்றாலும் பீருக்கும் இது பொருந்தும்.

பீரில் என்னென்ன இருக்கு?

நான்கே பொருட்கள்தான். தண்ணீர், மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். 1516-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் வந்த புகழ்பெற்ற பீர் விதியில் ஈஸ்ட்டின் பெயரே இல்லை. நொதிக்க வைப்பது ஒரு நுண்ணுயிர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

புதியவர்கள் பெரும்பாலும் மால்ட்டின் சத்தைப் பாகாக எடுத்து விற்கும் 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' வாங்கித் தொடங்குவார்கள். வழக்கமான அளவு 5 கேலன், சுமார் 19 லிட்டர்.

1. கொதிக்க வைத்தல்: பாகைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் சேர்த்து சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். பால் மாதிரி சட்டென்று பொங்கி வழியும் என்பதால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அது நாய்களுக்கு உயிரையே பறிக்கும் நஞ்சு.

2. ஆற வைத்தல்: ஐஸ் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து, 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வேகமாகக் குளிர வைப்பார்கள். கொதிக்கிற சூட்டில் ஈஸ்ட்டைப் போட்டால் செத்துவிடும்.

3. நொதிக்க விடுதல்: ஈஸ்ட் சேர்த்து, காற்றை வெளியே மட்டும் விடும் 'ஏர்லாக்' பொருத்தி மூடுவார்கள். 'ஏல்' வகை பீருக்கு 18 முதல் 22 டிகிரி வெப்பம் போதும். ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும்.

இட்லி மாவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே நொதித்தல்தான். இட்லி மாவில் அரிசி, உளுந்திலேயே இருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்புதான் நமக்கு வேண்டும். ஆனால் அதே மாதிரி பாக்டீரியா பீரில் நுழைந்தால் மொத்தமும் புளித்துக் கெட்டுவிடும். அதனால்தான் கொதித்து ஆறிய பிறகு அதைத் தொடும் வாளி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் கழுவி, சானிடைசரில் நனைக்கிறார்கள். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. இரண்டுமே அவசியம்.

பாட்டில் ஏன் வெடிக்குது?

பீரில் நுரை வருவதற்காக, பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். நொதித்தல் முடியாமலே அடைத்துவிட்டால், பழைய சர்க்கரையும் புது சர்க்கரையும் சேர்ந்து வாயு அளவுக்கு மீறிப் போகும். கண்ணாடி தாங்காது.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பக் கூடாது. ஹைட்ரோமீட்டர் என்ற சிறு கருவியை மிதக்கவிட்டு அளவு பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.010-க்கு இறங்கினால், ஆல்கஹால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று அர்த்தம். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து அதே அளவு காட்டினால்தான் பாட்டிலில் அடைக்கலாம். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். ஜூஸ் பாட்டில் ஆகாது. பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

கள்ளச்சாராயம் போல விஷமாகுமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்ததால். மால்ட்டை நொதிக்க வைக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதில்லை. பீரைக் காய்ச்சி வடிப்பதும் இல்லை. வடித்தல் முற்றிலும் வேறு வேலை. வீட்டில் பீர் தயாரிப்பதை அனுமதிக்கும் பிரிட்டனிலேயே, உரிமம் இல்லாமல் மது வடிப்பது குற்றம்.

விஷமாகாது என்பதால் பீர் நல்லது என்று ஆகிவிடாது. கடையில் வாங்கினாலும் வீட்டில் தயாரித்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். மது உடல்நலத்திற்குக் கேடு.